கழுத்தில் கிளாம்ப், கையில் ரப்பர் கோழி

எங்கள் மயக்க மருந்து டாக்டர் எர்மெக்குக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளியைத் தூங்கவைக்காமல் விழித்த நிலையிலேயே அறுவை செய்யும்போது, பேச்சுக் கொடுப்பதற்காக ஏழு பாட்டன்மார் பெயரைக் கேட்பான். அப்பா, அப்பாவுக்கு அப்பா என்று ஏழு தலைமுறை. எந்தக் கிர்கிஸ் ஆளைத் தூக்கத்தில் உலுக்கிக் கேட்டாலும் தட்டாமல் சொல்லிவிடுவான். பேச்சு குழறினால் மூளைக்கு ரத்தம் போகவில்லை என்று பொருள். "ஸ்கேன் மெஷினைவிட இது கில்லாடி ஜிபார் அக்கா" என்று என்னிடம் பீற்றிக்கொள்வான். அதுவரை இரண்டே பேரிடம்தான் சோதித்திருந்தான். இரண்டு பேரும் ஆண்கள். அதை நான் முன்னமே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

நாரின் ஊர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நான் பத்தொன்பது வருஷமாக நர்ஸ். எதை எடுத்துக்கொடுக்க வேண்டும், யாரை எப்போது திட்ட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இருந்தும் சைரா அக்கா என்ற நோயாளி வந்த அன்று அந்த அனுபவம் போதவில்லை. அதை ஒளிப்பதற்கில்லை.

ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. மேலே சொங்-கோல் மேய்ச்சல் நிலத்திலிருந்து பக்கத்துக் கூடாரக்காரரின் ஜீப்பில் வந்தார்கள். புருஷன் முகாஷ் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தார் சைரா. வயது ஐம்பத்தெட்டு. ஏழு மணிக்கு மாட்டின் மடியில் கைவைத்தவருக்கு வலது கை திடீரென்று விட்டுப்போயிருக்கிறது. முதலில் வலி, பிறகு மரப்பு, பிறகு சில்லிப்பு. நான் தொட்டுப் பார்த்தேன். விரல்கள் மெழுகு மாதிரி வெளுத்து, ஓடைத் தண்ணீரில் கிடந்த கல்லைப் போலக் குளிர்ந்திருந்தன.

சர்ஜன் தாலாய் மணிக்கட்டில் நாடி தேடினார். இல்லை. முழங்கை மடிப்பில் இல்லை, அக்குளில் இல்லை, கழுத்தெலும்புக்கு மேலேயும் இல்லை. கழுத்தின் வலப்பக்கத்தில் விரல் வைத்தபோது அவர் முகம் மாறியது. அங்கே துடிப்பு இருந்தது, ஆனால் மங்கலாக இருந்தது.

"இதயத் துடிப்பு தாறுமாறா ஓடுதே. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் குடுக்கலையா?" என்று கேட்டார்.

"குடுத்தாங்க. தீர்ந்து இருபது நாள் ஆச்சு," என்றார் முகாஷ். "மருந்துக்கடை கீழ இருக்கு. நாங்க மேல இருக்கோம். குட்டி போடற சமயம், நகர முடியல."

"ஆட்டுக்குட்டி பொழைச்சுதா?"

"பொழைச்சுது."

"சந்தோஷம்," என்றார் தாலாய். அவர் அப்படித்தான். நல்ல சர்ஜன், வாய்தான் கொஞ்சம் கத்தி.

ஸ்கேனில் பார்த்தோம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாய் ஒன்று வலது கழுத்தெலும்புக்குப் பின்னால் இரண்டாகப் பிரியும். ஒரு கிளை கைக்கு, இன்னொன்று கழுத்து வழியாக மூளைக்கு. சரியாக அந்தக் கவட்டையில் ரத்தக்கட்டி குந்தியிருந்தது. அதன் வால் கைப்பக்கம் நீண்டு முழுசாக அடைத்துவிட்டது. தலை மூளைப்பக்கம் எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

ரத்தமில்லாமல் ஒரு கை தாங்குவது சுமார் ஆறு மணி நேரம். நான்கு ஏற்கெனவே போயாயிற்று. தலைநகர் பிஷ்கெக்கில் இதற்கென்று நவீன அறை இருக்கிறது, ஆனால் கணவாய் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் கையை வெட்டி எடுக்கத்தான் ஆள் வேண்டும். இங்கேயே செய்வதென்று தாலாய் முடிவெடுத்தார். முழங்கை மடிப்பில் சின்னதாக வெட்டி, முனையில் பலூன் உள்ள மெல்லிய குழாயை ரத்தநாளத்துக்குள் மேலே செலுத்தி, கட்டியைத் தாண்டியதும் பலூனை ஊதி, இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். கையில் மட்டும் கட்டி இருந்தால் அரை மணி நேர வேலை. இங்கே இழுக்கிற இழுப்பில் ஒரு துண்டு பிய்ந்து மேலே போனால் பக்கவாதம் வந்துவிடும்.

சம்மதப் படிவத்தில் சைரா அக்கா கையெழுத்துப் போட்டார். இடது கையால், கோணல் இல்லாமல்.

"இடது கையில இவ்வளவு அழகா வருதே," என்றார் தாலாய்.

"எனக்குப் பொறவியிலேயே இடக்கைதான் டாக்டர். மாவு பிசையறப்பல்லாம் மாமியார் முணுமுணுப்பாங்க. பிசைஞ்ச ரொட்டிய மட்டும் சாப்பிடுவாங்க."

முகாஷ் சிரித்தார். தாலாய் சிரிக்கவில்லை. எங்களைத் தனியே கூப்பிட்டார். "இடக்கைக்காரங்க சில பேருக்குப் பேச்சு மூளையோட வலப்பக்கம் இருக்கும். அந்தப் பக்கம் போற குழாயிலதான் நாம விளையாடப் போறோம். துண்டு போச்சுன்னா இடது கையும் காலும் மட்டும் இல்ல, பேச்சும் போகலாம். தூங்க வைக்காத எர்மெக். ஆள் முழிச்சிருந்தாத்தான் நமக்குத் தெரியும்."

முகாஷிடமும் இதைச் சுருக்கமாகச் சொன்னார். அவர் தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டார். "பேச்சு போனா அவ இருக்க மாட்டா டாக்டர். மந்தையையே வாயாலதான் ஓட்டறா," என்றார். சைரா படுக்கையிலிருந்தே, "ஆமா, உங்க குதிரை நீங்க சொன்னா கேக்குதா என்ன," என்றார். அவ்வளவு பேசுகிற பெண்.

பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தோம். தாலாய், அவருடைய உதவி டாக்டர், எர்மெக், நான். தியேட்டரில் மேஜைமேல் படுத்திருந்தவரைத் தவிர நான் ஒருத்திதான் பெண். முழங்கையிலும் கழுத்திலும் மரத்துப்போக ஊசி போட்டார்கள். முகத்துக்கு மேலே பச்சைத் துணியைக் கூடாரம் மாதிரி கட்டினேன். அதற்குள் தலைமாட்டில் எர்மெக் உட்கார்ந்தான். சைராவின் இடது கையில் ஒரு ரப்பர் கோழியைக் கொடுத்தேன். சந்தையில் வாங்கியது, அமுக்கினால் கீச்சென்று கத்தும். நாங்கள் சொல்லும்போதெல்லாம் அமுக்க வேண்டும். கை வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான்.

"இந்த வயசுல எனக்குப் பொம்மையா," என்றார்.

"பேரனுக்குக் கொண்டுபோங்க," என்றேன்.

தாலாயின் திட்டம் இது. முதலில் கழுத்தில் திறந்து, மூளைக்குப் போகும் குழாயைக் கிளாம்ப் என்கிற கவ்வியால் நெரித்துவிட வேண்டும். வாசல் மூடியிருந்தால் துண்டு உள்ளே போகாது. பிறகு கீழிருந்து கட்டியை இழுக்க வேண்டும். இழுத்ததும் கை வழியாக ரத்தத்தைக் கொஞ்சம் பீய்ச்சி வெளியே விட்டு, தூள் துணுக்கு எல்லாம் போன பிறகே கழுத்தைத் திறக்க வேண்டும். ஆனால் வாசல் மூடியிருக்கும்வரை மூளையின் அந்தப் பாதி, இடப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் ரத்தத்தை நம்பித்தான் இருக்கும். சிலருக்குப் போதும், சிலருக்குப் போதாது. போதவில்லை என்பதைச் சொல்ல எங்களிடம் இருந்தது எர்மெக்கின் ஏழு பாட்டன்மாரும் ஒரு ரப்பர் கோழியும்தான்.

"கிளாம்ப்," என்றார் தாலாய். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அக்கா, உங்க அப்பா வழி ஏழு பேரும் சொல்லுங்க," என்றான் எர்மெக்.

சைரா மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஏழோடு நிற்காமல் எட்டாவது பாட்டன் யாருடைய குதிரையைத் திருடினான் என்றும் சொன்னார். கோழி கத்தியது. ஒரு நிமிஷம் ஆயிற்று. தாலாய் தலையாட்டிவிட்டு, பலூன் குழாயை முழங்கையிலிருந்து மேலே செலுத்தினார். நாற்பது சென்டிமீட்டர் போனது. பலூனை ஊதினார்கள். மெதுவாக, நூல் அறுந்துவிடாமல் பட்டம் இறக்குகிறவரைப் போல இழுத்தார்.

கட்டி வந்தது. என் சுண்டுவிரல் நீளம், கருஞ்சிவப்பு. தாலாய் அதைத் துணியில் போட்டு விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். ஒரு முனை வழவழவென்று இருந்தது, மறுமுனை பிய்ந்திருந்தது.

"தலை உள்ளேயே இருக்கு," என்றார். "அங்க ஒட்டாம, தொங்கிட்டு இருக்கு."

மறுபடி குழாயை எடுத்தார். பலூன் கிழிந்திருந்தது. சரக்கறையில் இன்னொன்று இருந்தது. அலமாரிச் சாவி தலைமை நர்ஸிடம், தலைமை நர்ஸ் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில். இந்த ஆஸ்பத்திரியை வடிவமைத்தவன் யாரோ, அவன் கையில் நாடி நிற்கட்டும் என்று சபித்துக்கொண்டே ஓடினேன். "கடிகாரத்தைப் பார்த்துக்கோ எர்மெக்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

திரும்பி வந்தபோது எர்மெக் கடிகாரத்தையும் சைராவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். தாலாயின் வலது கை கழுத்து கிளாம்பின் பிடியில் இருந்தது.

"நாலு நிமிஷம்," என்றான் எர்மெக். அவன் குரல் உயர்ந்திருந்தது. "பேச்சு போயிட்டிருக்கு அண்ணா. பெரிய கூடாரத்துக்காரர்ங்கறாங்க, வெள்ளைத்தாடிங்கறாங்க, ஆத்தைத் தாண்டினவர்ங்கறாங்க. கேட்டதுக்கும் சொல்றதுக்கும் சம்பந்தமே இல்ல. இப்ப வாயே திறக்கல."

"கோழி?"

"அதுவும் கத்தல."

தாலாய் கண்ணை மூடித் திறந்தார். "திறந்தா அந்தத் துண்டு நேரா மேல போகும். திறக்கலைன்னா மூளை பட்டினி கிடந்தே போகும்." யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "பட்டினி கண்ணுக்குத் தெரியுது. துண்டு போகாமலும் இருக்கலாம். திறந்துடறேன்."

"இருங்க," என்றேன். "எர்மெக், என்ன கேட்ட அவங்ககிட்ட?"

"ஏழு பாட்டன்தான்."

"யாரோட ஏழு பாட்டன்?"

"அவங்களோடது முதல்லயே சொல்லியாச்சே அக்கா. மறுபடி அதையே கேட்டா மனப்பாடமா வந்துடும், மூளை வேலை செய்யுதான்னு தெரியாது. அதான் புருஷன் வீட்டு வரிசையச் சொல்லச் சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு, கையில் சுத்தமான குழாய் இல்லாமல் இருந்திருந்தால் அவனை அடித்திருப்பேன். புருஷன் வீட்டு வரிசையாம். மருமகள் தன் மாமனார் பெயரைச் சொல்வாளா? அவருடைய அப்பன், பாட்டன் பெயரைச் சொல்வாளா? மேய்ச்சல் நிலத்துப் பெண்கள் செத்தாலும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுப் பெயர் வைத்து அதைத்தான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக என் மாமனார் பெயரை நான் படிவத்தில் எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. எர்மெக்கின் மனைவி பிஷ்கெக்கில் பிறந்தவள். அவன் அப்பாவையே பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். தாலாய்க்கும் உதவி டாக்டருக்கும் இது தெரியாத விஷயமில்லை. ஆனால் அவர்கள் நாக்குக்கு யாரும் ஒருநாளும் பூட்டுப் போட்டதில்லை, அதனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"அது மருமக பேச்சு டாக்டர். பேர் சொல்லக்கூடாதுன்னு மாத்திச் சொல்றாங்க. திறக்காதீங்க."

தாலாயின் கை நகரவில்லை. "நிச்சயமா?"

நிச்சயம் என்ற சொல் வாய்வரை வந்தது, சொல்லவில்லை. எனக்கு நிச்சயமில்லை. அந்த வீட்டில் யார் வெள்ளைத்தாடி, யார் ஆற்றைத் தாண்டியவர் என்று எனக்கு எப்படித் தெரியும். பேச்சு இழந்தவர்கள் இப்படி உளறியும் பார்த்திருக்கிறேன். தவிர, இப்போது ஏன் வாயே திறக்கவில்லை? கோழி ஏன் கத்தவில்லை? நான் தப்பாகச் சொன்னால் அந்தப் பெண் மிச்சக் காலத்தையும் ஊமையாகக் கழிப்பாள்.

"நாலரை," என்றான் எர்மெக்.

குழாயை உதவி டாக்டரிடம் கொடுத்துவிட்டுத் துணிக்கு அடியில் குனிந்தேன். சைராவின் முகம் வேர்த்து ஊற்றியது. உதடுகள் இறுக மூடியிருந்தன. கண்ணீர் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. இடது கையில் கோழி தட்டையாக நசுங்கிக் கிடந்தது. விடவே இல்லை, விட்டால்தானே மறுபடி கத்தும். பிடித்திருக்கிறாரா, கை இழுத்துக்கொண்டுவிட்டதா?

"அக்கா, விரலை விடுங்க."

விடவில்லை.

"உங்க மூத்த பொண்ணு பேர் என்ன?"

என்னைப் பார்த்தார். பதில் இல்லை.

"அக்கா, கேளுங்க. உங்களுக்குப் பேச்சு போயிடுச்சுன்னு இவங்க நினைக்கறாங்க. அப்படின்னா கழுத்தைத் திறந்தாகணும். திறந்தா கட்டி மூளைக்குப் போயிடும். நீங்க நல்லா இருக்கீங்கன்னு இவங்களுக்குத் தெரியணும். என்ன வேணாலும் பேசுங்க. என்னைத் திட்டுங்க. ஏதாவது ஒண்ணு."

"ஏதாவது" என்றுதான் சொன்னேன். ஆடு, மாடு, வானிலை எதைச் சொல்லியிருந்தாலும் போதும். ஆனால் மாற்றுப் பெயர்கள் எடுபடாததால், பெயர் கேட்டாலே வாயை இறுக்கிக்கொண்டவர் அவர். படித்த டாக்டர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார், அதற்குப் பதில் சொல்லாததுதான் தன் குற்றம் என்று அவர் நினைத்துக்கொண்டார். கண்ணை இறுக மூடினார்.

"அப்திகாலிக்," என்றார்.

தாலாய் கேஸ் ஷீட்டைப் பார்க்கும்படி கண் காட்டினார். எர்மெக் புரட்டினான். முகாஷ், அப்திகாலிக்கின் மகன் என்று அதில் இருந்தது.

"அப்திகாலிக்கோட அப்பா சாரிபாய். சாரிபாயோட அப்பா தோலோன்." ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் மூச்சு வாங்கினார், சுமையோடு மேடு ஏறுகிறவரைப் போல. "தோலோனோட அப்பா காச்கின். காச்கினோட அப்பா பைசாக். பைசாக்கோட அப்பா எஷிம்." கடைசிப் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. "எஷிமோட அப்பா ஜான்பாய். போதுமா?"

"போதும்மா," என்றார் தாலாய். அவர் யாரையும் அம்மா என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிளாம்பைத் திறக்காமலே கையை அதிலிருந்து எடுத்தார். "குழாய்."

இரண்டாம் தடவை இழுத்தபோது நான் துணிக்கு அடியிலேயே இருந்தேன். சைராவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தேன். கோழி ஊதிக்கொண்டு எழுந்தது. அமுக்கச் சொன்னேன், அமுக்கினார், கத்தியது. மேலே தாலாய், "வந்துடுச்சு, முழுசா வந்துடுச்சு" என்பது கேட்டது. பிறகு முழங்கையிலிருந்து ரத்தம் பீய்ச்சியடிக்கும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று துடிப்புக்கு விட்டார். அப்புறம்தான் கழுத்துக் கிளாம்பைத் திறந்தார். ஆறு நிமிஷம் நாற்பது வினாடி. எல்லோரும் அந்தக் கோழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது மறுபடி கத்தியது.

"உங்க மூத்த பொண்ணு பேர் என்ன?" என்றேன்.

"உனக்கு எத்தனை தடவை சொல்லணும்," என்றார். ஒரு தடவையும் சொல்லியிருக்கவில்லை, ஆனாலும் அந்தத் திட்டு எனக்குத் தேன் மாதிரி இருந்தது.

தையல் போடும்போது தாலாய் எர்மெக்கைப் பார்க்காமலே சொன்னார், "இனிமே பொம்பளைங்ககிட்ட ஆடு எண்ணச் சொல்லு." எர்மெக் குனிந்து ஊசிகளை எண்ணிவைத்தான். காது சிவந்திருந்தது.

நான்கு மணிக்கு வார்டில் போய்ப் பார்த்தேன். வலது கையில் நிறம் திரும்பியிருந்தது. மணிக்கட்டில் நாடியைத் தொட்டு எண்ணினேன். எண்ணி முடிக்கும் முன்னே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வெளிய சொல்லாதே. பசங்க அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

"எதை அக்கா?"

"பேரைச் சொன்னதை. மாமனார் போய் ஒம்பது வருஷம். மாமியார் திட்டறப்பல்லாம் எனக்காகப் பேசின மனுஷன். உசிரோட இருந்தவரைக்கும் அவர் பேரை நான் எடுத்ததில்ல. இன்னிக்குத் துணி விலகிப் படுத்துக்கிட்டு, வேத்து ஆம்பளைங்க முன்னாடி..." முடிக்கவில்லை. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உயிர் பிழைத்ததே பெரிசு அக்கா என்று சொல்லலாம்தான். எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தால் எனக்கும் வலித்திருக்கும். "சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

தாழ்வாரத்தில் முகாஷ் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். தாலாய் ஏற்கெனவே எல்லாம் சொல்லியிருந்தார். ஆனாலும் என்னிடம் கேட்டார்.

"பேசறாளா?"

"நல்லா பேசறாங்க. அவங்க அப்பா வழி ஏழு பேரையும் தப்பில்லாம சொன்னாங்க." அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லலாமா தங்கச்சி? அவகிட்ட கேட்டுடக்கூடாது."

"சொல்லுங்க அண்ணா."

"கல்யாணமாகி முப்பத்தேழு வருஷம். என் பேரை அவ வாயால நான் கேட்டதில்ல. 'இந்தா'ம்பா, 'பசங்க அப்பா'ம்பா. இன்னிக்குக் காலைல நான் ஓடைக்கு அந்தப் பக்கம் குதிரைங்களோட இருந்தேன். 'முகாஷ்'னு ஒரு பொம்பள குரல். யாரோ வழி தப்பி வந்தவங்கன்னு நினைச்சேன். ரெண்டாந்தடவ கேட்டப்பதான் அது அவ குரல்னு தெரிஞ்சுது. சேணம் போடாமலே வந்தேன்." தொப்பியின் விளிம்பைத் தடவினார். "அவ பேர் சொல்றான்னா, ஒண்ணு நான் செத்திருக்கணும், இல்ல அவ சாகப் போறான்னு தோணுச்சு."

"நீங்க கேட்டது அவங்களுக்குத் தெரியுமா?"

"வெக்கப்படுவா. அதான், நாய் குலைச்சுது, என்னன்னு பாக்க வந்தேன்னு சொல்லிட்டேன்."

"நல்லதுதான்," என்றேன்.

"எங்க நல்லது," என்றார். "எங்க நாயை மார்கழியிலேயே ஓநாய் கொண்டுபோயிடுச்சு. அவளும், எந்த நாய்னு கேக்கல."